மெதுவாக ஓடச் சொல்லும் மாஸ்டர்: திருவான்மியூர் மாரத்தான் வகுப்பு எப்படி?

முதல் முழு மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, தயாராக நினைப்பவர்களுக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டி, வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு, திருவான்மியூர் கடற்கரையில் நடக்கும் இந்தப் பயிற்சி வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். ஏற்கெனவே சில மாரத்தான் ஓடி முடித்து, நேரத்தைக் குறைக்க வழி தேடுகிறவர்களுக்கு இது அவ்வளவாகச் சரிப்படாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாரத்தான் பயிற்சி என்றாலே மன உறுதி, வைராக்கியம் என்று பெரிய பெரிய பேச்சாகப் பேசுகிறார்கள். அந்த உறுதியை நடைமுறையில் எப்படிச் சேர்ப்பது என்று இங்கேதான் நான் பார்த்தேன்.

இது பெரிய நிறுவனம் கிடையாது. பலகை இல்லை, இணையதளம் இல்லை, ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் உண்டு. நடத்துபவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் 5,000 மீட்டர் ஓடியவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரு தொகுதிக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தன் பெயரையும் எண்ணையும் எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலையில் போய் நின்றால் அவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. பதினெட்டு வாரப் பயிற்சிக்கு 9,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கான தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், வாழைப்பழம் எல்லாம் இதிலேயே அடங்கும்.

நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளர். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. 2023 செப்டம்பரில் சேர்ந்து, 2024 ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓடினேன். சேரும்போது வயது 45. அதற்கு முன் பூங்காவில் ஓட்டமும் நடையுமாகச் சில வருடங்கள், சில 10 கிலோமீட்டர் ஓட்டங்கள், ஓர் அரை மாரத்தான். பத்து கிலோமீட்டரை நிற்காமல் ஓட முடியாதவர்களை மாஸ்டர் முழு மாரத்தான் தொகுதியில் சேர்ப்பதே இல்லை. அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லி, அதுவரை செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை. எனக்கு அவர் மேல் முதல் நம்பிக்கை வந்தது இதைப் பார்த்துத்தான்.

சேருவதற்கு முன் இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்கிறார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி, சர்க்கரை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஈசிஜியும், மருத்துவரின் சம்மதமும் வேண்டும். ஓட வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, காபி டீயோடு சேர்த்துப் போடாதீர்கள் என்றார். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் கனக்கும், எதையும் செய்யப் பிடிக்காது. வயதாகிவிட்டது, மனசு சோர்ந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இத்தனை பேரிடமும் போய் மன உறுதி வேண்டும் அம்மா என்று உபதேசம் செய்வதற்கு முன், ஒரு பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லலாம். மாஸ்டர் அதைத்தான் செய்கிறார். இரத்தத்தில் இரும்பு இல்லாதபோது மனத்தில் எங்கிருந்து இரும்பு வரும் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

வாரத் திட்டம் எளிமையானது. செவ்வாயும் புதனும் குறைந்த தூரம். வியாழக்கிழமை மேடு ஏறுவது. சென்னையில் மலைக்கு எங்கே போவது? அடையாறு திரு.வி.க. பாலத்தின் ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஓட வேண்டியதுதான். சனிக்கிழமை உடல் வலுப் பயிற்சி, ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்களும் வெள்ளியும் கட்டாய ஓய்வு. கட்டாயம் என்றால் நிஜமாகவே கட்டாயம். ஓய்வு நாளில் ஓடிவிட்டுக் கைக்கடிகாரப் படத்தைக் குழுவில் போட்ட ஒரு தம்பியை அந்த ஞாயிறு நீண்ட ஓட்டத்துக்கு விடவில்லை, தண்ணீர்க் கேன் தூக்க வைத்தார். தசை வலுவாவது ஓடும்போது இல்லை, ஓடியபின் தூங்கும்போது என்பதை அதன்பிறகு யாரும் மறக்கவில்லை.

ஆனால் இந்த வகுப்பின் உயிர் மெதுவாக ஓட வைப்பதில்தான் இருக்கிறது. முதல் மாதம் முழுக்க மாஸ்டர் யாரையும் வேகமாக ஓட விடமாட்டார். சைக்கிளில் பக்கத்திலேயே வருவார். திடீரென்று, "என்னம்மா, நேத்து ராத்திரி வீட்ல என்ன சமையல்?" என்பார். நாம் மூச்சு வாங்காமல், சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும், பையன் மட்டும் சாதம் கேட்டான் என்று முழுசாகச் சொல்ல முடிந்தால் அந்த வேகம் சரி. "சப்பா...த்தி" என்று இழுத்தால் போச்சு, இன்னும் குறைக்கச் சொல்வார். இதய இயக்கத்தைக் காட்டும் கடிகாரம் கட்டியிருப்பவர்களிடமும் இதே கேள்விதான். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்குப் பின்னால் சரியான கணக்கு இருக்கிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில்தான் உடம்பு கொழுப்பை எரித்துப் பழகுகிறது, இதயமும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நீண்ட உழைப்புக்குத் தயாராகின்றன. தசைநாரும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் வலுவாகும், அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் 42.195 கிலோமீட்டரை ஓடிக் காட்டிய கென்யாவின் எலியுட் கிப்சோகேகூட வாரத்தின் பெரும்பகுதியை நிதானமாகத்தான் ஓடுகிறார்.

மெதுவாக ஓடுவது சுலபம் என்று யாராவது நினைத்தால் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். பெசன்ட் நகரில் காலையில் நடப்பவர்கள் நிறைய. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிற பெரியவர் நம்மைத் தாண்டிப் போவார். கல்லூரிப் பிள்ளைகள் பின்னாலிருந்து வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறப்பார்கள். கால் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கி அதே வேகத்தில் ஓடுவதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. மாரத்தான் அன்று முதல் பத்து கிலோமீட்டரில் கூட்டம் இழுக்கும்போது உதவியதும் இந்தப் பழக்கம்தான்.

செப்டம்பர் மாதச் சென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையிலேயே 26 டிகிரி, காற்றில் ஈரம் பிழிகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அந்த ஈரத்தில் வியர்வை காயவே காயாது. அப்படியே சொட்டிக் காலணிக்குள் இறங்கிச் சளக் சளக்கென்று சத்தம் போடும். குளிர் நாட்டில் எழுதப்பட்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வேகத்தில் ஓட முடியவில்லையே என்று இங்கே பலர் மனம் உடைந்துபோகிறார்கள். மாஸ்டர் அந்த மாதங்களில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று எதுவும் சொல்வதில்லை. தன் காரில் எடை பார்க்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். ஓடும் முன் ஒரு எடை, ஓடிய பின் ஒரு எடை. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். ஒவ்வொருவருக்கும் அந்தக் கணக்கு நோட்டில் ஏறும். எனக்கு வியர்வை அதிகம், கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடாக உப்புப் படியும். அதனால் எனக்கு வெறும் தண்ணீர் போதாது என்று சொல்லி உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பழக்கினார். தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் முதல் வாரமே சொல்லிவிடுகிறார். அந்தக் கரைசல் பொட்டலத்தில் போட்டிருப்பதுபோல் ஒரு லிட்டருக்கு ஒன்று என்றுதான் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஓடிக்கொண்டே விழுங்கும் வெளிநாட்டு ஜெல்லை வாங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. கணக்கை மட்டும் விளக்குகிறார். உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழுத் தூரத்துக்கும் 2,500 கலோரி ஆகிவிடும். உடம்பு கொழுப்பையும் எரிக்கும் என்றாலும், மாவுச்சத்து வற்ற வற்ற முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் மரமாகிவிடும், தலை கிறுகிறுக்கும். ஓடுகிறவர்கள் சுவரில் மோதினேன் என்று சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் எழும் அழுகையும் வெறுப்பும் கோழைத்தனம் கிடையாது, மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அதை வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு என்று பிரித்துத் தருகிறார். அவித்த உருளைக்கிழங்கை ஓடிக்கொண்டே மென்று விழுங்கப் பழகுவதற்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வயிறும் பயிற்சி எடுக்க வேண்டிய உறுப்புதான்.

அப்புறம் மனப் பயிற்சி. இதை எப்படிச் செய்வார்கள் என்று சேரும் முன் எனக்குத் தெரியாது. யோகா, தியானம், உற்சாகப் பேச்சு என்று ஏதாவது இருக்கும் என நினைத்தேன். அப்படி எதுவுமே இல்லை. அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு, வழக்கமான பாதையை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் சுற்று ஒன்றைக் காட்டினார். பார்க்க ஒன்றுமே இல்லாத தெருக்கள். ஒரு பள்ளிச் சுவர், ஒரு கட்டுமான வேலை, ஒரு மின்மாற்றி, வரிசையாக நிற்கும் கார்கள். இதையே சுற்றிச் சுற்றி இருபத்தாறு கிலோமீட்டர். காதில் பாட்டு கூடாது, இருவர் சேர்ந்து ஓடக் கூடாது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் நாங்கள் வண்டி நிறுத்தியிருந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். என் ஸ்கூட்டியின் இருக்கைக்குள் சாவி, துண்டு, மோர் பாட்டில் எல்லாம் இருக்கின்றன. வீட்டுக்குப் போக இருபது நிமிடம். ஒன்பதாவது சுற்றில் அந்த வண்டியைப் பார்க்கும்போது மனசு என்னென்ன சொல்லும் தெரியுமா? மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும், பையனுக்குத் தேர்வு வருகிறது, நாளைக்கு வங்கியில் கூட்டம் அதிகம் இருக்கும், இத்தனை ஓடியதே பெரிசு. எல்லாமே நியாயமான காரணங்கள். பொய்க் காரணம் என்றால் விரட்டிவிடலாம், நியாயமான காரணத்தை என்ன செய்வது?

மாஸ்டர் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். நிற்க வேண்டும் என்று தோன்றுவது தப்பே இல்லை, ஆனால் அந்த முடிவை வண்டிக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது. சுற்றின் மறுபக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, அங்கே போய் எடுக்க வேண்டும். அங்கேயும் நிற்கத்தான் தோன்றினால் நடந்து திரும்பி வரலாம், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வேப்பமரத்தடியில் நின்றுவிட முடிவு செய்தவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை. மரம் வருவதற்குள் மூச்சு கொஞ்சம் சீராகியிருக்கும், ஒரு வாய் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அந்த நியாயங்களின் சூடு தணிந்திருக்கும். அவ்வளவுதான் நுட்பம். மனத்தோடு சண்டை போடுவதில்லை, முடிவை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போடுவது. இதை நான் இப்போது வங்கியிலும் செய்கிறேன்.

எப்போது கட்டாயம் நிற்க வேண்டும் என்பதையும் அதே கண்டிப்போடு சொல்லித் தருகிறார். இரண்டு காலிலும் ஒரேபோல் பரவியிருக்கும் வலி, கனம், எரிச்சல் இவற்றோடு ஓடலாம். ஒரே காலில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், ஓட ஓடக் கூடும் வலி என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வியர்வை நின்று உடம்பு சில்லிடுவது என்றாலும் அப்படித்தான். எங்கள் தொகுதியில் ஒருவருக்கு முன்னங்கால் எலும்பில் அப்படி ஒரு புள்ளி வலி. கணினி நிறுவனத்தில் வேலை, முப்பது வயதுக்காரர், எல்லோரையும்விட விடாப்பிடியாக ஓடியவர். மாஸ்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எலும்பில் மெல்லிய விரிசல் தொடங்கியிருந்தது. அந்த வருட ஓட்டம் வேண்டாம் என்று சொன்னபோது கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அழுதார். மாஸ்டர் அவருக்கு அரைப் பங்கு கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த தொகுதியில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார். நான் பார்த்ததிலேயே பெரிய உறுதி அந்தத் தம்பி அந்த இரண்டு மாதம் ஓடாமல் இருந்ததுதான். ஒவ்வொரு ஞாயிறும் வந்து எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நீண்ட ஓட்டங்களின் நடுவே மாஸ்டர் கதை சொல்வார். அவருக்குப் பிடித்தவர் ஷிவ்நாத் சிங். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தவர். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் ஓடிய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. எனக்குப் பிடித்த கதை ஜோன் பெனாய்ட்டுடையது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே கிடையாது, அதற்கு முந்தைய ஒலிம்பிக் வரை பெண்கள் ஓடிய மிக நீண்ட பந்தயம் 1,500 மீட்டர்தான். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்த 17ஆம் நாள் பெனாய்ட் அமெரிக்கத் தேர்வு ஓட்டத்தை வென்றார், ஆகஸ்டில் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். அதே லாஸ் ஏஞ்சலஸில் அதே வாரத்தில்தான் நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். சின்ன வயதில் வீட்டில் உஷாவைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன், பெனாய்ட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கதை முடிந்ததும் மாஸ்டர் மறக்காமல் ஒன்று சேர்ப்பார்: அந்த அம்மா முழங்கால் கெடுவதற்கு முன் எத்தனை வருடம் ஓடியிருக்கிறார் தெரியுமா, நீங்கள் யாரும் அறுவைச் சிகிச்சை முடிந்து இங்கே வரக் கூடாது.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அட்டவணையில் 32 கிலோமீட்டர், பயிற்சியிலேயே மிக நீண்ட தூரம். முந்தின நாளே மிக்ஜாம் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. மாஸ்டர் சனிக்கிழமை சாயங்காலமே ரத்து என்று சொல்லிவிட்டார். ஞாயிறு இரவும் திங்களும் கொட்டிய மழையில் மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீருக்குள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், பல நாள் மின்சாரம் இல்லை. குடிநீர்க் கேனை மாடிக்குத் தூக்கியதுதான் அந்த வாரப் பயிற்சி. வாட்ஸ்அப் எட்டிப் பார்த்தபோதெல்லாம் குழுவில் ஒரே பதற்றம். ஒரு மாதம்தான் இருக்கிறது, விட்டதை எப்போது ஓடுவது, அடுத்த ஞாயிறு 35 ஓடிவிடலாமா? மாஸ்டர் ஒரே ஒரு செய்தி போட்டார். விட்ட ஓட்டத்தை யாரும் திருப்பி ஓட வேண்டாம், அது போய்விட்டது. தண்ணீர் வடியட்டும், வீட்டைப் பாருங்கள், தூங்குங்கள். அடுத்த ஞாயிறு 24தான்.

அது சரியான முடிவு என்பது டிசம்பர் 17 அன்று தெரிந்தது. அன்றுதான் அந்த 32ஐ ஓடினோம். திருவான்மியூரில் தொடங்கி, பெசன்ட் நகர், அடையாறு பாலம், சாந்தோம், மெரினா, நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பி, மீதத்தைக் கடற்கரைச் சாலையில் சுற்றி முடித்தோம். மார்கழி பிறந்திருந்தது. கோவில்களில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது, வாசல்களில் புதுக் கோலம், காற்றில் முதல் தடவையாகக் குளிர்ச்சி. செப்டம்பரில் பதினைந்து கிலோமீட்டருக்குத் திணறிய அதே உடம்பு, இருபத்தைந்துக்கு மேலும் பேசிக்கொண்டே ஓடியது. வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடிய மாதங்களின் பலன் குளிர்ந்த காலையில்தான் கைக்கு வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. இந்த மூன்று வாரம் ஒரு தனி அவஸ்தை. ஓடாததால் இல்லாத வலியெல்லாம் வரும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழத் தோன்றும். இது வரும் என்று மாஸ்டர் முன்கூட்டியே வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துச் சொல்லி வைத்தது நல்ல ஏற்பாடு. என் கணவர் அந்த மூன்று வாரமும் வாயே திறக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது கழிப்பறை. ஞாயிற்றுக்கிழமை நான்கரை மணிக்கு ஓடத் தொடங்கினால் மெரினா வரை வழியில் ஒன்றும் திறந்திருக்காது. ஆண்களுக்கு அது பிரச்சினையாகவே தெரியவில்லை. பெண்கள் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம், நீண்ட ஓட்டத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பேசிய பிறகுதான், வழியில் வீடு உள்ள ஒரு பழைய மாணவி தன் வீட்டைத் திறந்துவைக்க ஏற்பாடானது. இதை முதல் வாரமே யோசித்திருக்க வேண்டும். அதேபோல் மாதவிடாய் நாட்களைப் பற்றி அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. கேட்டபோது மாஸ்டர் தடுமாறினார், ஆனால் மழுப்பவில்லை. தனக்குத் தெரியாது என்று சொல்லி, பெண் இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்துவந்து எங்களோடு தனியாகப் பேச வைத்தார். அந்த இரண்டு மணி நேரம் எல்லாத் தொகுதியிலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். இருட்டில் தனியாக வண்டியில் வரும் பெண்களை ஒரே பகுதிக்காரர்களோடு சேர்த்துவிடும் பழக்கமும் பாதியில்தான் வந்தது. என்னோடு உள்ளகரத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை சேர்ந்துகொண்டார், அக்கா நான் கிளம்பிட்டேன் என்று நாலே காலுக்கு அவர் அனுப்பும் செய்திக்காகவே பல நாள் எழுந்திருக்கிறேன்.

வேகப் பயிற்சி இங்கே பலவீனம். நான்கு மணி நேரத்துக்குள் ஓட நினைப்பவர்களுக்குத் தேவையான நுணுக்கமான பயிற்சிகள் குறைவு, ஓடும் முறையைப் படம்பிடித்துப் பார்த்துத் திருத்துவதும் கிடையாது. சனிக்கிழமை வலுப் பயிற்சி அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கப் படங்களும் வாழ்த்துகளும் கொட்டுகின்றன, மாஸ்டரின் முக்கியமான செய்தி அதற்குள் புதைந்துபோகிறது. ஒரு விஷயத்தைப் பாராட்ட வேண்டும். எந்தக் கடைக்கும், எந்தக் காலணிக்கும் அவர் ஆள் பிடிப்பதில்லை. விரல் நுனிக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போய்ப் போட்டுப் பாருங்கள், ஓட்டத்துக்கு முந்தின மாதம் புதுசு வாங்காதீர்கள். அவ்வளவுதான் அவர் ஆலோசனை. உரசும் இடத்துக்குத் தேங்காயெண்ணெய் போதாது, வாஸ்லின்தான் நிற்கிறது.

மாரத்தான் நாளைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பயிற்சி சரியாக இருந்ததால் நாள் பெரும்பாலும் அமைதியாகவே போனது. விடியும் முன்பே நேப்பியர் பாலத்தில் தொடங்கியது. முதல் பாதி முழுக்கச் சமையல் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய வேகம். முப்பதுக்கு மேல் கால் இறுகத் தொடங்கியது, முப்பத்து மூன்றில் வெயிலும் ஏறிவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலையும் வேப்பமரமாக வைத்துக்கொண்டேன். அடுத்த பந்தலில் முடிவு செய்யலாம், அதற்கு அடுத்ததில் செய்யலாம். முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் பக்கம் மாஸ்டர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். உற்சாகப்படுத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கழுத்தையும் உதட்டையும் ஒரு பார்வை பார்த்தார், உள்ளங்கையில் இரண்டு உருளைக்கிழங்கை வைத்து, "மென்னு முழுங்கிட்டுப் போம்மா" என்றார். போனேன். எங்கள் தொகுதியில் தொடங்கியவர்கள் எல்லோரும் முடித்தார்கள், யாரையும் தூக்கிக்கொண்டு வர நேரவில்லை. ஒரு பயிற்சி வகுப்பை எடைபோட எனக்கு இதைவிட நல்ல அளவு தெரியவில்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தொகுதி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், ஜூலையிலேயே போய்ப் பேசிவிடுங்கள். இரத்தப் பரிசோதனையை முடித்து அறிக்கையோடு போனால் ஒரு வாரம் மிச்சம். முழுத் தூரம் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னை மாரத்தானில் 32 கிலோமீட்டர் பிரிவும் இருக்கிறது, அதற்கும் இதே வகுப்பில் பயிற்சி உண்டு, கட்டணம் 2,000 ரூபாய் குறைவு. பெண்கள் முதல் நாளே கழிப்பறை ஏற்பாடு என்ன என்று கேளுங்கள், கேட்டால்தான் அது தொடர்ந்து நடக்கும். வண்டியை மருந்துக்கடைக்கு எதிரே நிறுத்தலாம். கோவில் பக்கம் நிறுத்த வேண்டாம், ஆறு மணிக்கு மேல் வெளியே எடுக்க முடியாது.